பாண்டிச்சேரி உப்புக்காற்றில் இசைத்தட்டா, சிடியா? 120 தட்டு, 40 சிடி, ஒரே பட்ஜெட்

லாஸ்பேட்டை வாசி:
வணக்கம். வீட்டில் 120 தட்டு இருக்கு. பாதிக்கு மேல் நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் ஈபி (7 அங்குலச் சின்னத் தட்டு), எல்லாம் தமிழ் சினிமாப் பாட்டு, அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை. முப்பது எல்பி (பெரிய தட்டு) கர்நாடக சங்கீதம், அதில் நாதஸ்வரமும் புல்லாங்குழலும் அதிகம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டும் பத்துப் பன்னிரண்டு உண்டு. இதைத் தவிர சிடி ஒரு நாற்பது. ஆம்ப், ஸ்பீக்கர் நல்லதாகவே இருக்கு, ஆனால் ஆம்பில் ஃபோனோ இன்புட் (டர்ன்டேபிளை நேராகச் சொருகும் இடம்) கிடையாது.

செலவழிக்க 40,000 ரூபாய். டர்ன்டேபிள் வாங்குவதா, நல்ல சிடி பிளேயர் வாங்கி இதே பாட்டுகளைச் சிடியில் தேடிச் சேர்ப்பதா? கேட்பதற்கு எது மேல் என்பதை மட்டும் சொல்லாமல், ஏன் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும். கடல் பக்கம்தான், ஐப்பசி கார்த்திகையில் அட்டை உறையெல்லாம் பூஞ்சை பிடிக்குது. அதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்க.

கெடிலக்கரை:
அளவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் சிடிதான் மேல், அதில் விவாதமே இல்லை. சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை, 16 பிட்டில் பதிவாகிறது. மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபல் இடம் கிடைக்கும். நன்றாக அச்சான எல்பியில் அந்த இடம் 60, 70 டெசிபல்தான். அதற்குக் கீழே தட்டின் சரசரப்பு வந்துவிடும்.

ஆனால் நீங்கள் கேட்பது நாதஸ்வரமும் குழலும் என்பதால் இரைச்சலை விட முக்கியமான விஷயம் சுருதி. தட்டின் நடுத்துளை மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகி இருந்தால் போதும். ஊசி 100 மி.மீ. ஆரத்தில் ஓடும்போது வேகம் அரை சதவீதம் கூடிக் குறையும். இசை அளவில் அது மேலே ஏறக்குறைய 9 சென்ட், கீழே 9 சென்ட் (ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் சென்ட்). உள்வட்டத்துக்கு வரவர அதே அரை மில்லிமீட்டர் 14 சென்ட் வரை போகும். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பதால் இந்த அலைவு 1.8 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். மிருதங்கத் தனியில் இது காதில் படாது. குழலில் பஞ்சமத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்திலும், பின்னால் தம்பூரா தனியாக ஒலிக்கும் இடத்திலும் கேட்கும், ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு விடாது. நம் தட்டுகளில் துளை விலகியவை நிறையவே வரும். சிடியில் வேகத்தை ஆள்வது குவார்ட்ஸ் கடிகாரம். அலைவுக்கு அங்கே இடமே இல்லை.

அடுத்தது நேரம். எல்பியில் ஒரு பக்கம் 18 முதல் 22 நிமிடம். ராகம் தானம் பல்லவி என்றால் வெட்டித்தான் போட வேண்டும், இல்லையென்றால் நடுவில் தட்டைத் திருப்ப வேண்டும். சிடியில் 74 நிமிடம், பின்னாளில் 80 வரை ஒரே ஓட்டம். கச்சேரிப் பதிவு கேட்பவருக்கு இந்த ஒன்றே போதும்.

மூன்றாவது, உள்வட்டச் சிதைவு. எல்பியின் வெளிவட்டத்தில் ஊசிக்கு அடியில் ஒலி பதிந்த பள்ளம் நொடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது. கடைசிப் பாட்டில் அது 21 செ.மீ.தான். அதே ஒலி அலையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டியிருப்பார்கள். கோள முனை ஊசியால் அந்த நெருக்கத்தைத் தொடர முடியாது. பக்கத்தின் கடைசியில் வரும் பெண் குரல்களில் ‘ச’, ‘ஸ’ எல்லாம் எரிச்சலாகத் தெறிப்பது இதனால்தான். சிடியில் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஒரே தரம்.

என் யோசனை: கர்நாடகத்துக்குச் சிடி. சினிமா ஈபிகளுக்காக மட்டும் அடக்கமான ஒரு டர்ன்டேபிள்.

ஊசிமுனை:
கெடிலக்கரை சார் சொன்ன அளவுகள் எல்லாம் சரி. ஆனா அது சிடி என்கிற பெட்டியைப் பத்தின கணக்கு. அந்தப் பெட்டிக்குள்ள என்ன போட்டாங்க என்கிறது வேற கணக்கு, தமிழ் சினிமாப் பாட்டுல அதுதான் தீர்மானிக்கும்.

எச்எம்வி, இன்ரெகோ, எக்கோ கம்பெனித் தட்டுகள் அந்தந்தக் காலத்து டேப்பிலிருந்து நேரா வெட்டினவை. அதே பாட்டுகளோட தொகுப்பு சிடி பலதுல மூணு விதமான கோளாறு பார்க்கலாம். ஒண்ணு, தட்டிலிருந்தே எடுத்து இரைச்சல் நீக்கின பிரதி. நீக்கும்போது இரைச்சலோட சேர்ந்து ஜால்ரா, பிரஷ், குழலோட மூச்சுக்காத்து, வயலின் முடிஞ்ச பிறகு அறையில மிஞ்சுற அதிர்வு எல்லாம் போயிடும். குரல் மட்டும் பஞ்சுக்குள்ள வெச்ச மாதிரி நிக்கும். ரெண்டு, சத்தத்தை ஏத்தி உச்சியை வெட்டினது. மூணு, எம்பி3 கோப்பை எடுத்து ஆடியோ சிடியா எரிச்சது.

இதைக் கண்டுபிடிக்கிறது சுலபம். சிடியைக் கணினியில எடுத்து, ஆடாசிட்டி மென்பொருள்ல திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த ஸ்தாயியில எவ்வளவு ஒலின்னு காட்டுற படம்) காட்சிக்கு மாத்துங்க. 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல கத்தியால வெட்டின மாதிரி நேர்கோட்டுல காலியா இருந்தா அது பெரும்பாலும் 128 கிலோபிட் எம்பி3-யிலிருந்து வந்தது. பழைய டேப்புல மேல் ஸ்தாயி குறைவாத்தான் இருக்கும், ஆனா அது படிப்படியா மங்கும், கோடு போட்டு நிக்காது. அலைவடிவக் காட்சியில உச்சிகள் எல்லாம் ஒரே உயரத்துல தட்டையா இருந்தா ரெண்டாவது கோளாறு.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல பழைய சிடி வாங்கினா திருப்பிப் பாருங்க. அடிப்பக்கம் வெள்ளியா இருந்தா அச்சடிச்சது. பச்சையோ நீலமோ ஓடினா எரிச்சது, வேண்டாம். ‘100 பாடல்கள்’னு போட்டிருந்தா அது எம்பி3 தட்டு, ஆடியோ சிடி இல்லை. 80 நிமிஷத்துல நூறு பாட்டு நுழையாது.

அதனால பெட்டியைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, பாட்டு பாட்டா முடிவு பண்ணுங்க. சினிமா ஈபி கையில நல்ல நிலையில இருந்தா அதுதான் மேல். கர்நாடகத்துல நிலைமை தலைகீழ்: சார்சூர் கம்பெனி மாதிரி கச்சேரியை டிஜிட்டல்லயே பதிஞ்சு சிடியா போட்டவங்க உண்டு. அங்க சிடிதான் மூலம், அதைத் தட்டுல தேடறதுல அர்த்தமே இல்லை.

ஈபி பத்தி ஒரு எச்சரிக்கை. ஒரு பக்கத்துல ரெண்டு பாட்டுன்னா ஏழு நிமிஷம் வரைக்கும் 7 அங்குலத்துல அடைச்சிருப்பாங்க. பள்ளம் குறுகலாயிடும், ஒலி அளவைக் குறைச்சுத்தான் வெட்டியிருப்பாங்க. நீங்க ஆம்பைத் திருகிச் சத்தம் ஏத்தும்போது சரசரப்பும் கூடவே ஏறும். அது ஊசிக் கோளாறு இல்லை, தட்டே அப்படித்தான்.

லாஸ்பேட்டை வாசி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்போ ரெண்டும் வேணும்னு புரியுது. சிடி பக்கம் செலவைக் குறைக்க வழி உண்டா? டர்ன்டேபிளுக்கு ஒரு வியாபாரி ஜப்பானிலிருந்து வந்த பழைய பெல்ட் டிரைவ் ஒண்ணு காட்டுறார், பார்க்க அழகா இருக்கு. சூட்கேஸ் மாதிரி மடக்கும் புதுசும் கடையில் இருக்கு. எதை எடுக்கலாம்? பல ஈபிகள் அந்தக் காலத்து ஃபியஸ்டா ரெக்கார்டு பிளேயரில் ஓடியவை.

ஊசிமுனை:
சூட்கேஸ் வேண்டவே வேண்டாம். அதுல பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியோட அசைவை மின்சாரமா மாத்துற பாகம்), ஊசி அஞ்சு கிராமுக்கு மேல அழுத்தும், எடையைக் குறைக்கத் திருகு கிடையாது. நல்ல மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும்.

ஜப்பான் செட்டு எடுக்கறதுக்கு முன்னாடி அடியில ஒட்டியிருக்கிற தகட்டைப் படிங்க. 100 வோல்ட்னு இருக்கும். நம்ம 230-ல நேரா சொருகினா டிரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சிடும். 230-லிருந்து 100-க்கு இறக்குற டிரான்ஸ்ஃபார்மர் 50 விஏ இருந்தா தாராளம். ஆனா வோல்டேஜைச் சரி பண்ணாலும் ஹெர்ட்ஸ் மாறாது. ஜப்பான்ல பாதி நாடு 50, பாதி நாடு 60. மோட்டார் ஏசி சிங்க்ரனஸ் வகையா இருந்து, 60-க்கான புல்லி மாட்டியிருந்தா, இங்க 33⅓-க்குப் பதிலா 27.8-ல ஓடும். பாட்டு மூணு அரைச்சுரத்துக்கு மேல இறங்கிடும். 50-க்கான புல்லி கிடைச்சாத்தான் எடுக்கலாம். டிசி மோட்டாரோ குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவோ இருந்தா இந்தப் பிரச்சினை இல்லை.

வேகம் பார்க்க கருவி வேணும்னு இல்லை. பிளாட்டர் ஓரத்துல சின்ன காகிதத் துண்டு ஒட்டி எண்ணுங்க, 3 நிமிஷத்துல சரியா 100 சுத்து வரணும். ஸ்ட்ரோப் காகிதம் வெச்சிருந்தா 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடு உள்ளதை எடுங்க, பழைய சோக் போட்ட டியூப்லைட் அடியில பாருங்க. எல்இடி வெளிச்சத்துல பல நேரம் கோடு நிக்கவே நிக்காது.

புதுசுன்னா ஆடியோ-டெக்னிகா எல்பி60 வகையில ஊசி அழுத்துற எடையும் கார்ட்ரிட்ஜும் மாத்த முடியாது, 78 வேகமும் கிடையாது. உங்க தேவைக்கு எல்பி120 வகைதான் பொருந்தும்: மூணு வேகமும் உண்டு, கவுன்டர்வெயிட் (ஊசி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பின்பக்க எடை) உண்டு, ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கு, அதனால உங்க ஆம்புல ஃபோனோ இன்புட் இல்லாட்டியும் பரவாயில்லை. அதுல வர்ற விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம், ஊசியை மட்டும் உருவி வேற மாட்டலாம். ஃபியஸ்டாவுல தேஞ்ச ஈபிகளுக்கு இது முக்கியம். பழைய கோள முனை ஊசி பள்ளச் சுவர்ல ஒரு மட்டத்துல தேய்ச்சிருக்கும். நீள்வட்ட முனையோ, இன்னும் மெல்லிய மைக்ரோலைன் முனையோ அந்த மட்டத்தைத் தாண்டி தேயாத இடத்தைத் தொடும். எல்லாத் தட்டும் பிழைக்காது, டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சா சாம்பல் பூத்துத் தெரியறது பிழைக்காது.

பொருத்தும்போது வரிசை தப்பக்கூடாது. முதல்ல டேபிள் மட்டம், ரசமட்டம் வெச்சு ரெண்டு திசையிலயும். பிறகு ஆன்டி ஸ்கேட்டை (ஊசி உள்பக்கம் இழுபடாம தடுக்கிற திருகு) பூஜ்யம் வெச்சு, ஊசி மூடியைக் கழட்டி, கவுன்டர்வெயிட்டைத் திருகி டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்குற கை) அந்தரத்துல சமமா மிதக்கிற வரை கொண்டு வாங்க. அந்த இடத்துல எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பி, வெயிட்டை 2-க்குத் திருகுங்க. ஆன்டி ஸ்கேட்டும் 2. வளையத்தை நம்பாம சின்ன டிஜிட்டல் தராசுல சரிபாருங்க, தட்டு உயரத்துலயே வெச்சு. கடைசியா ரெண்டு புள்ளி அளவுத்தாள், 66 மி.மீ.யிலும் 120.9 மி.மீ.யிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேரா நிக்கணும். எடை குறைச்சா தட்டுக்கு நல்லதுன்னு 1.5-க்கு இறக்காதீங்க. ஊசி பள்ளத்துக்குள்ள குதிச்சு சுவரைக் கொத்தும், அதிக எடையை விட அதுதான் கெடுதல்.

அறுபதுகளோட ஈபி எல்லாம் மோனோ. ஆம்புல மோனோ பட்டன் இருந்தா அழுத்துங்க. மோனோ பள்ளத்துல பாட்டு பக்கவாட்டு அசைவு மட்டும். மேலும் கீழுமான அசைவு முழுக்கத் தூசியும் தேய்மானமும்தான். ரெண்டு சேனலையும் கூட்டினா அந்தப் பாகம் அடிபட்டுப் போயிடும், சரசரப்பு கண்கூடா குறையும்.

கெடிலக்கரை:
சிடி பக்கம் செலவு அதிகம் ஆகாது. கணினியில் சிடி டிரைவ் இருந்தால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளால் எடுத்து ஃபிளாக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடியோ சிடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. ஃபிளாக்கில் பாதியாகும், ஒரு பிட் கூட இழக்காது. பிளேயர்தான் வேண்டும் என்றால் கோஆக்ஸியல் அவுட் உள்ள பழைய டிவிடி பிளேயரை ஒரு டிஏசியில் (டிஜிட்டலை ஒலி மின்சாரமாக மாற்றும் பெட்டி) இணைத்தால் போதும்.

பழைய பிளேயர் வாங்கும்போது நீளமான சிடியின் கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவது. லேசர் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் இறுகியிருந்தால் வெளிவிளிம்பில்தான் தடுமாறும்.

துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். தடத்தின் குறுக்கே விழும் கீறலைப் பிழைதிருத்தம் சரிக்கட்டிவிடும், ஏனென்றால் தொடர்ச்சியாக 2.5 மி.மீ. அளவு தரவு போனாலும் அது மீட்டெடுக்கும். தடத்தோடு சேர்ந்து நீளமாக ஓடும் கீறல்தான் தாவலைக் கொண்டுவரும். இன்னொன்று, அடிப்பக்கத்தை விட எழுத்துள்ள மேல்பக்கம்தான் மென்மையானது. அலுமினியப் படலம் அதற்கு அடியில் ஒரு மெல்லிய லாக்கர் பூச்சுக்குள் இருக்கிறது. அங்கே கீறினால் பாட்டே போய்விடும்.

முதுநகர்:
கடலூர் முதுநகர் பக்கமும் இதே உப்புக்காத்துதான், அதனால பராமரிப்பு மட்டும் சொல்றேன்.

சிடி அழியாதுன்னு நினைக்காதீங்க. விளிம்புல லாக்கர் சரியா மூடாத சிடியில ஈரம் நுழைஞ்சு அலுமினியம் அரிக்கும். வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிங்க. ஊசித்துளை மாதிரி புள்ளி தெரிஞ்சாலோ, விளிம்பு மங்கியிருந்தாலோ அன்னைக்கே கணினிக்கு எடுத்துடுங்க. எல்பி, ஈபி செய்யற வினைலை ஈரம் ஒண்ணும் பண்ணாது, கெடுக்கிறது பூஞ்சையும் சூடும். மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறையில கத்திரி வெயில் நேரத்துல தட்டு வைக்காதீங்க. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காம நிமிர்த்தி வைங்க. உறையோட 100 எல்பி 25 கிலோ வரும், பலகை அதுக்குத் தக்கபடி இருக்கட்டும்.

பீரோவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீங்க, ரெண்டு அங்குலம் தள்ளி வைங்க. உள்ளே ஈரமானி ஒண்ணு, சிலிக்கா ஜெல் அரைக் கிலோ. நிறம் மாறினதும் 120 டிகிரியில ரெண்டு மணி நேரம் அவன்ல வெச்சு எடுத்தா மறுபடி உதவும். 50 சதவீதத்தை ஒட்டி நின்னா பூஞ்சையும் வராது, அட்டையைத் தின்னுற ராமபாணப் பூச்சியும் குறையும். அந்துருண்டை போடாதீங்க. சிடி டப்பா பாலிஸ்டைரீன், நாப்தலீன் ஆவி பட்டா பிசுபிசுத்து இளகும். பழைய பிவிசி உறைகளையும் கழட்டிடுங்க, நாளாக ஆக தட்டு மேல மங்கலா படலம் விட்டுடும்.

அடித்தட்டுல எதுவும் வைக்காதீங்க. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் கொட்டின மாதிரி மழை வந்தா முதல்ல நனையறது அதுதான். நனைஞ்சா தட்டை உறையிலிருந்து உடனே உருவுங்க. காகிதம் காஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா பசையைப் பள்ளத்திலிருந்து எடுக்கிறது பெரும்பாடு.

கழுவுறதுக்கு 800 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 200 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அஞ்சு சொட்டு போட்டோ கழுவுற ஈரமாக்கி திரவம். குழாய்த் தண்ணி கூடவே கூடாது, நம்ம ஊர் நிலத்தடித் தண்ணி காஞ்சதும் உப்பு பள்ளத்துக்குள்ளயே தங்கும். ஆர்ஓ தண்ணியிலயும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். பூஞ்சை பிடிச்ச தட்டை முகமூடி போட்டுக்கிட்டு வாசல்ல வெச்சுப் பிரிங்க. மென்மையான பிரஷ்ஷால பள்ளம் ஓடுற திசையிலயே தேயுங்க, நடுவுல ஒட்டின காகிதத்துல படாம. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால அலசி, நிமிர்த்தி வெச்சு நிழல்ல காய விடுங்க. ஃபேன் போட்டா தூசி வந்து ஒட்டும். காஞ்ச தட்டைப் பழைய உறைக்குள்ள திரும்பப் போடாதீங்க, பூஞ்சை விதை அங்கதான் இருக்கு. புது உள் உறை வாங்கிடுங்க.

இன்னொண்ணு, ‘ம்ம்’னு ஹம் வந்தா எல்லாரும் ப்ரீஆம்பை மாத்தச் சொல்வாங்க. இங்க முதல்ல பார்க்க வேண்டியது ஆம்புல சொருகுற ஆர்சிஏ வயர் முனைகள். உப்புக்காத்துல பச்சை பூத்திருக்கும். ஐசோபுரோப்பைல்ல துடைச்சு, ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை உருவிச் சொருகினாலே பாதி சரியாயிடும். டோன்ஆர்ம் உலோகத்தைத் தொட்டதும் ஹம் குறைஞ்சா கிரவுண்ட் வயர் தொடர்பு விட்டிருக்கு.

லாஸ்பேட்டை வாசி:
எல்பி120 வகைன்னு முடிவு பண்ணிட்டேன். 78 தட்டுகளையும் அதே ஊசியில் ஓட்டலாமா? அதே கலவையில் கழுவலாமா?

ஊசிமுனை:
ரெண்டும் கூடாது. எல்பி ஊசி 78-ஓட அகலப் பள்ளத்துல அடிவரைக்கும் இறங்கி அங்க கிடக்கிற குப்பையைத்தான் படிக்கும், பாட்டு சுவர்ல இருக்கு. அதுக்கு 3 மில், அதாவது ஏறக்குறைய 76 மைக்ரான் முனை வேணும். அதே கார்ட்ரிட்ஜ் உடம்புல விஎம்என்95எஸ்பி ஊசியை மாட்டி, எடையை 5 கிராமுக்கு ஏத்துங்க. எல்பிக்குத் திரும்பும்போது 2-க்கு இறக்க மறக்காதீங்க. டேபிள்ல வேகத்தை 78-க்கு மாத்தினா மட்டும் போதாதுன்னு சொல்றது இதுக்காகத்தான்.

கழுவுறதுல ஆல்கஹால் துளி கூடச் சேரக்கூடாது. 78 அரக்குல செஞ்சது, ஆல்கஹால் அதைக் கரைக்கும். டிஸ்டில்டு வாட்டர், ரெண்டு சொட்டு ஈரமாக்கி திரவம், அவ்வளவுதான். ஊற விடாதீங்க, விளிம்புல விரிசல் இருந்தா தண்ணி உள்ளே போய் உப்பிடும். உடனே துடைச்சு நிமிர்த்தி வைங்க.